ஐப்பசியில் திரும்பும் வாடை

வளர்ப்பு நாய், பூனைகளின் சிறுநீர் வாடை வீட்டின் மற்ற இடங்களைவிடக் கார் ஷெட்டில்தான் அதிக நாள் நிற்கிறது. கூடத்தில் டைல்ஸ் இருக்கும். ஈரத்துணியால் துடைத்தால் பெரும்பாலும் போய்விடும். ஷெட்டின் தரையோ மேல்பூச்சு ஏதுமில்லாத வெறும் சிமென்ட். அதில் ஊறிப்போனது துடைப்பத்துக்கு எட்டாது. மழைக்காலத்தில் நாயைக் கட்டிப்போடுவதும் அங்கேதான், தெருப்பூனை குட்டி போடுவதும் அங்கேதான். பழைய சாக்கு, அட்டைப்பெட்டி, தேய்ந்த டயர் என்று வாடையைப் பிடித்து வைத்துக்கொள்ளும் சாமான்கள் எல்லாம் அங்கேதான் குவிகின்றன. நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் இவற்றோடு உப்புக்காற்றும் சேர்ந்துகொள்கிறது. சித்திரை வெயிலில் ஒழிந்துவிட்டதாக நினைத்த வாடை, ஐப்பசி பிறந்து நாலு மழை விழுந்ததும் அதே மூலையிலிருந்து மறுபடி கிளம்பும். சரியாகக் கழுவவில்லை போலும் என்று இன்னொரு பாட்டில் பினாயில் ஊற்றப்படும். மேல்தரையைக் கழுவியதில் குறை இருக்காது. வாடைக்கு மூலமானது தரைக்குள்ளே உப்பாகப் படிந்து கிடக்கிறது.

சிறுநீரில் நீருக்கு அடுத்தபடியாக அதிகம் இருப்பது யூரியா. வயலுக்கு மூட்டை மூட்டையாக இறைக்கும் அதே பொருள்தான். டெல்டா விவசாயிக்கு அறிமுகம் தேவையில்லை. யூரியாவுக்கென்று சொல்லும்படியான வாடை கிடையாது. புதிதாகக் கழித்த சிறுநீரிலும் வாடை குறைவுதான். தரையிலும் மண்ணிலும் வாழும் பாக்டீரியாக்கள் பல யூரியேஸ் என்ற நொதியைச் சுரக்கின்றன. அது நீரின் துணையோடு ஒரு யூரியா மூலக்கூறை இரண்டு அம்மோனியா மூலக்கூறுகளாகவும் ஒரு கார்பன் டை ஆக்சைடாகவும் உடைக்கிறது. மூக்கைச் சுடுவது இந்த அம்மோனியா. நொதி இல்லாத வெறும் நீரில் யூரியா தானாகச் சிதையப் பல ஆண்டுகள் ஆகும். நொதி இருந்தால் சில மணி நேரத்தில் வேலை தொடங்கிவிடும். உலகில் முதன்முதலாகப் படிகமாகப் பிரித்தெடுக்கப்பட்ட நொதியும் இதுதான். அமெரிக்க வேதியியலர் ஜேம்ஸ் சம்னர் 1926இல் நம் வாளவரைக்கு நெருங்கிய இனமான ஓர் அவரையின் விதைகளிலிருந்து அதைப் பிரித்தார். நொதிகள் புரதங்களே என்பதற்கு அது சான்றானது. 1946இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. நீரில்லாமல் யூரியேஸ் வேலை செய்யாது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். வாடையின் காலக்கணக்கு முழுவதும் அதில்தான் அடங்கியிருக்கிறது.

பூனையின் கணக்கு வேறு. அதன் மூதாதை வறண்ட நிலத்துக் காட்டுப்பூனை. நீரைச் சிக்கனமாகச் செலவிடும் அந்த உடலின் சிறுநீர், மனிதனுடையதைவிட மிகவும் அடர்த்தியானது. இறைச்சியும் மீனும் மட்டுமே தின்று வாழப் படைக்கப்பட்ட விலங்கு என்பதால் யூரியாவும் அதிகம். மீன்பிடித் துறைமுகத்தை அடுத்த தெருக்களின் பூனைகளுக்குப் புரதத்துக்குப் பஞ்சமே இல்லை. இதற்கு மேல் பூனையின் சிறுநீரில் ஃபெலினின் என்ற கந்தகம் கலந்த அமினோ அமிலமும் இருக்கிறது. காயடிக்காத கடுவனிடம் இது மிகுதி. ஃபெலினினுக்கும் வாடை இல்லை. காற்றும் பாக்டீரியாவும் பட்டுச் சிதையும்போது அதிலிருந்து தயோல் வகைச் சேர்மங்கள் கிளம்புகின்றன. சமையல் எரிவாயு கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காக அதில் கலக்கும் நாற்றப் பொருளும் இதே குடும்பம்தான். நூறு கோடியில் சில பங்கு கலந்திருந்தாலே மனித மூக்கு இவற்றைக் கண்டுபிடித்துவிடும். எனவே நாயின் வாடையைப் போக்கிய முறை பூனையிடம் தோற்பதில் வியப்பில்லை. முன்னதில் எதிரி அம்மோனியா, பின்னதில் அம்மோனியாவோடு கந்தகமும்.

மாட்டுத் தொழுவத்தில் பத்து மாடு கட்டினாலும் இவ்வளவு நெடி இல்லையே என்று வயதானவர்கள் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானது. மண் தரையில் விழும் சிறுநீரிலிருந்து வரும் அம்மோனியாவை மண்ணிலுள்ள வேறு வகைப் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டாக மாற்றிவிடுகின்றன. நைட்ரேட்டுக்கு வாடை இல்லை. பழைய தொழுவங்களின் மண்ணிலும் ஊர் ஓரத்து மண்ணிலும் இப்படிச் சேர்ந்த நைட்ரேட் உப்பான வெடியுப்பைச் சுரண்டிக் காய்ச்சி எடுப்பது வட இந்தியாவில், குறிப்பாகப் பீகாரில், ஒரு தனித் தொழிலாகவே இருந்தது. 1658இல் போர்ச்சுகீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்த டச்சுக்காரர்களும், பின்னால் 1781இல் அவர்களிடமிருந்து அதைப் பிடித்த ஆங்கிலேயரும், தங்கள் பீரங்கி மருந்துக்கு அந்தப் பீகார் வெடியுப்பைத்தான் கப்பல் கப்பலாக ஏற்றிப் போனார்கள். ஐரோப்பியப் போர்களின் புகையில் இந்திய மாட்டுக் கோமியத்துக்கும் பங்குண்டு என்று சொன்னால் அது மிகையாகாது. சிமென்ட் தரையில் இந்த மாற்றம் அதிகம் நடக்க வழியில்லை. அங்கே உயிருள்ள மண் இல்லை, நுண்துளைகள் மட்டும் உண்டு.

சிமென்ட் கலக்கும்போது அது இறுகுவதற்குத் தேவையானதைவிடக் கூடுதலாகத்தான் தண்ணீர் ஊற்றப்படுகிறது. மிகுந்த நீர் ஆவியாகிப் போன இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துளைகளாக நின்றுவிடும். கொத்தனார் கலவையை இளக்கமாகப் போட்டிருந்தால் துளைகள் இன்னும் அதிகம். காய்ந்த தரையில் விழும் சிறுநீரை இத்துளைகள் உறிஞ்சிக்கொள்கின்றன. தண்ணீர் மெல்ல ஆவியாகிவிட, யூரியாவும் உப்புகளும் உள்ளே தங்குகின்றன. ஒரே இடத்தில் நாய் மறுபடி மறுபடி கழிக்கும்போது படிவு அடுக்கடுக்காகச் சேர்கிறது. போதாக்குறைக்குச் சிமென்ட் காரத்தன்மை உடையது. காரமான சூழலில் அம்மோனியா நீரில் கரைந்து நிற்காமல் வாயுவாக வெளியேறும். அமிலச் சூழலில் அம்மோனியம் உப்பாக அடங்கிக் கிடக்கும். தரையின் மேற்பரப்பு காற்றுப் பட்டுப் பட்டுக் காரம் குறைந்துபோகலாம்; உள்ளே அது பல ஆண்டுகள் நிற்கும்.

இனி ஐப்பசிக்கு வரலாம். சமையலறையில் திறந்து வைத்த கல்லுப்பு மழைக்காலத்தில் நீர்த்துப்போவதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலிருந்து நீரை இழுத்துத் தானே கரைந்துவிடும். வேதாரண்யத்து உப்பளங்கள் மழைக்காலத்தில் ஓய்ந்து கிடப்பதற்கு மழையோடு இந்த ஈரக்காற்றும் காரணம். யூரியாவுக்கும் இந்த எல்லை ஏறத்தாழ 70 முதல் 75 விழுக்காடுதான். பிரித்த யூரியா மூட்டை கட்டிதட்டிப் போவது இதனால்தான். இரண்டும் கலந்து கிடந்தால் எல்லை இன்னும் கீழே இறங்கும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை நாகையின் காற்றில் ஈரப்பதம் காலை வேளைகளில் 80 விழுக்காட்டுக்கு மேல் நிற்பது வழக்கம். கடல்காற்று கொண்டுவந்து படியவைத்த உப்பு, உப்பான போர்வெல் நீரால் கழுவிக் கழுவிச் சேர்ந்த உப்பு, சிறுநீரின் உப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து தரைக்குள்ளேயே ஈரத்தை வரவழைக்கின்றன. ஈரம் வந்ததும் உறங்கிக் கிடந்த யூரியேஸ் விழிக்கிறது. ஒரு சொட்டுச் சிறுநீர் புதிதாக விழாவிட்டாலும் வாடை எழும். கோடையில் போனது வாடை மட்டும்தான். சரக்கு அப்படியே இருக்கிறது.

வீட்டாருக்கு வாடை தெரியாமலிருப்பதும், வாசலில் கால் வைத்த விருந்தாளி முகம் சுளிப்பதும் இன்னொரு சிக்கல். ஒரே வாடை தொடர்ந்து படும்போது மூக்கின் உணர்வு மங்கிவிடும். மனித மூக்கில் ஏறத்தாழ 400 வகை வாடை ஏற்பிகள் வேலை செய்கின்றன. அவற்றுக்கான மரபணுக் குடும்பத்தை லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் இருவரும் 1991இல் வெளியிட்டார்கள்; 2004இல் நோபல் பரிசு பெற்றார்கள். நாயின் மூக்கு இதைவிடப் பல மடங்கு கூர்மையானது. வீட்டார் சுத்தமாகிவிட்டதென்று நம்பும் மூலை, நாய்க்கு இன்னும் முகவரி எழுதிய இடம்தான். மறுபடி அங்கேயே போய்க் காலைத் தூக்கும். ஆகவே வாடையைப் போக்குவது மனிதருக்காக மட்டும் செய்யும் வேலையில்லை. அது முழுமையாக முடியாதவரை புதுச் சிறுநீர் வந்துகொண்டேயிருக்கும்.

வேலையை இடம் கண்டுபிடிப்பதில் தொடங்க வேண்டும். ரூபாய் நோட்டைச் சோதிக்கக் கடைகளில் வைத்திருக்கும் ஊதா விளக்கு போன்ற சிறிய புறஊதா டார்ச் இதற்குப் போதும். இரவில் ஷட்டரை இறக்கிவிட்டு அடித்துப் பார்த்தால், காய்ந்த சிறுநீர் படிந்த இடங்கள் மங்கலான மஞ்சள் பச்சையாக ஒளிரும். துணி சோப்புத் தூள் சிந்திய இடமும் ஒளிரும் என்பதால் சந்தேகம் வந்தால் குனிந்து முகர்ந்துதான் தீர்மானிக்க வேண்டும். தரையை மட்டும் பார்த்தால் போதாது. நாய் நிமிர்ந்து நிற்கும் பொருள்மீது குறி வைப்பது வழக்கம். தூண், சுவரின் அடிப்பகுதி, டயர், ஷட்டரின் கீழ்விளிம்பு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். பூனை பின்புறமாகத் திரும்பிப் பீய்ச்சுவதால் அதன் கறை சுவரில் ஒரு சாண், ஒன்றரைச் சாண் உயரத்தில் இருக்கும்.

அடுத்தது சாமான்கள். சாக்கு, அட்டைப்பெட்டி, தென்னை நார் மிதியடி இவற்றைக் காப்பாற்ற முயல்வது வீண். தூக்கி எறிவதே லாபம். பருத்தித் துணி, போர்வை என்றால் வினிகர் கலந்த நீரில் ஊறவைத்துத் துவைத்து உச்சி வெயிலில் காயப்போட்டால் மீளும்.

தரையை முதலில் வெறும் தண்ணீரில் பலமுறை கழுவ வேண்டும். யூரியாவும் உப்புகளும் நீரில் நன்றாகக் கரைபவை. ஆனால் துளைக்குள் இருப்பது கரைந்து வெளியே வர நேரம் பிடிக்கும். ஊற்றிய உடனே தள்ளிவிடாமல், நீரைத் தேக்கி அரைமணி நேரம் விட்டு, பிறகு துடைப்பத்தால் தள்ள வேண்டும். இப்படி நாலைந்து முறை. தரைக்கு வாட்டம் சரியில்லையென்றால் தள்ளிய நீர் மூலையில் தேங்கி அங்கே காயும்; பழைய துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் கடைசிக் கழுவலுக்காவது மழைநீர் நல்லது. கடைசியில் உப்புநீரை விட்டுத் தரையைக் காயவிடுவது, அடுத்த மழைக்காலத்துக்கு வாடையை வட்டிக்குக் கொடுப்பது போலத்தான்.

இதன் பிறகு அமிலம். மீன் குழம்புக்குப் புளி ஊற்றும்போது கவிச்சி அடங்குவது ஏன் என்று நாகையில் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கவிச்சிக்குக் காரணமான டிரைமெத்திலமீன் அம்மோனியாவின் உறவுக்காரப் பொருள். புளியின் அமிலம் அதை ஆவியாகாத உப்பாக மாற்றிவிடுகிறது. தரையிலும் அதே வேதியியல்தான். புளியைக் கரைத்து ஊற்றினால் கறை பிடிக்கும்; ஆகவே வினிகரைச் சமபங்கு நீரில் கலந்து தெளித்து, பத்து நிமிடம் விட்டு அலசலாம். அமிலம் அம்மோனியாவை அடக்குமே தவிர யூரியாவை ஒன்றும் செய்யாது. கந்தகச் சேர்மங்களையும் தொடாது. சிமென்ட்டையும் சிவப்பு ஆக்சைடு தரையையும் அது கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும் என்பதால் அடிக்கடி செய்யக்கூடாது. கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிட்டைக் கொண்டு வருவது படுதவறு. அது சிமென்ட்டைக் கரைத்துத் துளைகளை இன்னும் பெரிதாக்கும்.

நாய் வாடைக்குப் பெரும்பாலும் அடுத்தபடியாக என்சைம் கிளீனர் போதும். செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் இவற்றில் புரதத்தையும் கொழுப்பையும் உடைக்கும் நொதிகளோ, அவற்றைச் சுரக்கும் பேசில்லஸ் வகைப் பாக்டீரியாக்களோ இருக்கும். இவை தோற்றுப்போவதாகச் சொல்லப்படும் இடங்களில் பெரும்பாலும் பயன்படுத்தியவரின் அவசரமே காரணமாக இருக்கும். சிறுநீர் எவ்வளவு ஆழம் இறங்கியதோ அவ்வளவு ஆழம் கிளீனரும் இறங்க வேண்டும். தாராளமாக ஊற்றி, பிளாஸ்டிக் தாளால் மூடி, ஓர் இரவு ஈரமாகவே விட வேண்டும். முன்னதாகப் பினாயிலோ பிளீச்சிங் பவுடரோ போட்டிருந்தால் பாக்டீரியா செத்துவிடும். கொடுத்த காசு தண்டம்.

பூனை வாடைக்கு ஆக்சிஜனேற்றம் தேவை. ஸ்கங்க் என்ற அமெரிக்க விலங்கு பீய்ச்சும் நாற்றமும் தயோல் வகைதான். பால் கிரேபாம் என்ற வேதியியலர் 1993இல் அதற்கொரு கலவையை வெளியிட்டார்: 3 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு லிட்டர், சமையல் சோடா கால் கோப்பை, பாத்திரம் கழுவும் திரவம் ஒன்றிரண்டு தேக்கரண்டி. பெராக்சைடின் ஆக்சிஜன் தயோல்களோடு சேர்ந்து வாடையற்ற பொருள்களாக அவற்றை மாற்றிவிடும். மருந்துக் கடையில் 6 விழுக்காடு பெராக்சைடு கிடைத்தால் அதே அளவு தண்ணீர் ஊற்றிப் பாதியாக்கிக்கொள்ளலாம். கலவையை அப்போதைக்கப்போது தயாரித்து உடனே ஊற்ற வேண்டும். பாட்டிலில் அடைத்து வைத்தால் வாயு சேர்ந்து வெடிக்கும். கையுறையும் வேண்டும். வண்ணத் துணி, பெயின்ட் அடித்த சுவர் இவற்றில் ஓரமாகச் சோதித்துவிட்டுப் பயன்படுத்தலாம்.

செய்யக்கூடாதவற்றில் முதலிடம் பிளீச்சிங் பவுடரை நேரடியாகத் தூவுவதற்கு. வெள்ளம் வடிந்த பிறகு தெருவில் தூவிப் பழகிய கை இங்கேயும் அதையே செய்யப் பார்க்கும். சிறுநீரின் அம்மோனியாவோடு அது சேர்ந்தால் குளோரமீன் என்ற வாயு கிளம்பும். கண்ணும் நுரையீரலும் எரியும். வினிகரோடும் ஆசிட்டோடும் சேர்ந்தால் குளோரின் வாயுவே வரும். ஷட்டர் இறக்கிய ஷெட்டில் இது உயிருக்கே ஆபத்து. பினாயில் வாடையைப் போக்குவதில்லை, அதன் மேல் இன்னொரு வாடையைப் பூசுகிறது. பூனை வளர்ப்பவர்கள் கறுப்புப் பினாயிலை வீட்டுக்குள்ளேயே கொண்டுவரக் கூடாது. ஃபீனால் வகைப் பொருள்களைச் செயலிழக்கச் செய்து வெளியேற்றும் கல்லீரல் நொதி பூனைக்குச் சரியாக வேலை செய்யாது. நனைந்த பாதத்தைப் பூனை நக்கும்போது நஞ்சு உள்ளே போகும். சுண்ணாம்பு அடிப்பதும் உதவாது. அதன் காரம் அடங்கியிருந்த அம்மோனியாவையும் வெளியேற்றிவிடும்.

கழுவிய தரையின் துளைகளை அடைக்காவிட்டால் இத்தனை பாடும் ஒரு பருவத்துக்குத்தான். சிலேன், சிலாக்சேன் வகைத் திரவங்கள் சிமென்ட்டுக்குள் ஊறித் துளைச் சுவர்களை நீர் ஒட்டாததாக்கும். எபாக்சி பூச்சு மேலே ஒரு தோலாகப் படியும். எபாக்சி கழுவுவதற்கு எளிது. ஆனால் நிலத்தடி நீர் மட்டம் மேலே இருக்கும் கடலோர மனைகளில் அடியிலிருந்து ஈரம் ஏறி அதை உரித்துவிடும். அதனால் முன்னதாகச் சோதித்துக்கொள்ள வேண்டும். ஒன்றரை அடி சதுரப் பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து, நாலு விளிம்பையும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, பதினாறு மணி நேரம் கழித்து எடுத்துப் பார்க்கலாம். தாளின் அடியில் நீர்முத்துகளோ தரையில் கருமையோ தெரிந்தால் எபாக்சி வேண்டாம், ஊறும் வகையே போதும். பூசுவதற்கு ஏற்ற காலம் பங்குனி முதல் வைகாசி வரை. தீபாவளிக்கு வீடு வெள்ளையடிக்கும்போது சேர்த்துச் செய்துகொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் ஈரத்தை உள்ளே வைத்து அடைத்ததாகிவிடும். பல ஆண்டுகள் ஊறிக் கறுத்துப்போன இடத்தை எந்தத் திரவமும் மீட்காது. அந்தப் பகுதியைக் கொத்தி எடுத்துப் புதிதாகப் பூச வேண்டியதுதான்.

காற்றோட்டத்துக்கும் நேரம் பார்க்க வேண்டும். மழைக்கால அதிகாலையில் ஷட்டரைத் திறந்தால் ஈரக்காற்றுதான் உள்ளே வரும். பத்து, பதினொரு மணிக்கு மேல் வெயில் ஏறிய பிறகு திறந்து மாலைக்குள் மூடுவது நல்லது. அம்மோனியா காற்றைவிட எடை குறைந்தது; ஆகவே சுவரின் மேற்பகுதியில் சிமென்ட் ஜாலி வைத்திருந்தால் அது தானாகவே வெளியேறும். பிற்பகலில் கிழக்கிலிருந்து கடல்காற்று வீசும் ஊரில் கிழக்கிலும் மேற்கிலும் திறப்பு இருந்தால் மின்விசிறியே தேவையில்லை.

பூனைக்கும் குட்டி நாய்க்கும் கழிக்க ஓர் இடம் அமைத்துக் கொடுத்தால் தரை தப்பிக்கும். கடையில் விற்கும் மண்ணைவிடத் தென்னை நார்க்கழிவு இந்தப் பகுதிக்குப் பொருத்தமானது. தன் எடையைப் போலப் பல மடங்கு நீரை அது உறிஞ்சும். இலேசான அமிலத்தன்மை இருப்பதால் அம்மோனியாவையும் பிடித்து வைக்கும். பயன்படுத்திய பிறகு நாய்க்கழிவானால் குப்பைக்குழியில் மட்கவைத்துப் பூச்செடிக்குப் போடலாம். பூனைக்கழிவைக் காய்கறிப் பாத்திக்குக் கொண்டுபோகக் கூடாது. அரிசி ஆலையில் கிடைக்கும் உமி மலிவானது, ஆனால் உறிஞ்சும் திறன் குறைவு. சாம்பல் ஈரத்தை உலர்த்தும், காரமாக இருப்பதால் நெடியைக் கூட்டும். திறந்த தொழுவத்துக்குச் சரி, மூடிய ஷெட்டுக்குச் சரிப்படாது.

கடுவன் பூனைக்குக் காயடித்தால் பத்தில் ஏறக்குறைய ஒன்பதில் பீய்ச்சும் பழக்கம் நின்றுவிடும் அல்லது வெகுவாகக் குறையும். ஃபெலினின் அளவும் இறங்கும். இத்தனை கிளீனர்களைவிட இந்த ஒரு சிறு அறுவை பயனுள்ளது. கழித்த உடனேயே அம்மோனியா நெடி அடித்தால் சிறுநீர்ப் பாதையில் தொற்று இருக்கலாம். ஆண் பூனை அடிக்கடி முக்கியும் சிறுநீர் வராமல் தவித்தால் அது அடைப்பாக இருக்கக்கூடும். ஒரு நாள் தாமதித்தாலும் உயிருக்கு ஆபத்து. பக்கத்துக் கால்நடை மருத்துவமனைக்கு உடனே தூக்கிப்போக வேண்டும். நோய் சிக்கலானால் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

கழுவுபவரின் பாதுகாப்பும் இதில் சேரும். பூனை மலத்தில் டாக்சோபிளாஸ்மா ஒட்டுண்ணி இருக்கக்கூடும். அது தொற்றும் நிலையை அடைய ஒரு நாளாவது ஆகும் என்பதால் கழிவை அன்றன்றைக்கே அகற்றிவிட வேண்டும். கருவுற்ற பெண்கள் அந்த வேலையைச் செய்யவே கூடாது. எலிக்காய்ச்சல் கிருமி எலியின் சிறுநீரில் மட்டுமல்ல, நாயின் சிறுநீரிலும் வெளிவரும். ஈரத்தரையில் உயிரோடிருந்து காலிலுள்ள வெடிப்பு, புண் வழியாக உள்ளே நுழையும். நாய்க்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போட வேண்டும். மழைக்காலத்தில் ஷெட்டைக் கழுவும்போது ரப்பர் செருப்பு போதாது. முழங்கால் வரை பூட்ஸும் கையுறையும் வேண்டும். கழுவிய பிறகு ஒன்றிரண்டு வாரங்களுக்குள் கெண்டைக்கால் வலியோடு காய்ச்சல் வந்தால், ஷெட்டைக் கழுவியதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.